பகலில் நட்சத்திரம் நின்ற ஆடி

உள்ள வந்துடுங்க செட்டியாரே, நனையாதீங்க. இந்த மழை இப்ப விடாது. மழை விடாம உங்க கப்பல் பாய் விரிக்காது. அடுப்படிதான், புகை கொஞ்சம் இருக்கும், ஆனா நாகப்பட்டினத்துச் சத்திரத்துல இதைவிடக் கதகதப்பான இடம் கிடையாது. அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க.

எனக்கு வயசா? நாற்பத்திரண்டோ மூணோ. கொப்பத்துச் சண்டையில யானை மேலயே நம்ம ராஜா செத்தாரே, அந்த வருஷம் எனக்கு இருபத்திரண்டு. நீங்களே எண்ணிக்கோங்க. நீங்க அப்ப எங்க இருந்தீங்க? கடாரத்துலயா? அப்ப நீங்களும் பார்த்திருக்கணும். பகல்ல நட்சத்திரம். ஆடி மாசம். பார்த்தீங்களா?

பார்த்தீங்க. உங்க முகமே சொல்லுது. பார்த்தவங்க முகம் அப்படித்தான் ஆகும், கேட்டதும் கண்ணு மேல போகும்.

இங்க வர்ற எல்லார்கிட்டயும் நான் இதைத்தான் கேப்பேன். சத்திரத்து ஆளுங்க என்னைக் கேலி பண்ணுவாங்க, 'ஐயாறி இன்னிக்கு யார்கிட்ட நட்சத்திரம் கேட்டே'ன்னு. கேட்டுட்டுப் போகட்டும். சீனத்துலேர்ந்து வந்த ஒரு மாலுமி இருந்தான், தமிழ் அரைகுறையா பேசுவான். அவங்க ராஜாகிட்ட வானத்தைப் பார்க்கறதுக்குன்னே ஆள் இருக்காங்களாம். அவங்க அதுக்கு 'விருந்தாளி'ன்னு பேர் வெச்சாங்களாம். கும்பிட்டு, நல்ல சகுனம்னு ராஜாகிட்டப் போய்ச் சொன்னாங்களாம். இருபத்து மூணு நாள் பகல்ல தெரிஞ்சுதுன்னு எழுதி வெச்சிருக்காங்களாம். அவன் அந்த எண்ணிக்கையைச் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. நானும் மாட்டுக்கொட்டில் சுவத்துல கரிக்கோடு போட்டு எண்ணினேனே. இருபத்து மூணு கோடு. அவன் ஊரு எங்க, என் மாட்டுக்கொட்டில் எங்க!

குங்கிலியம் விக்க வந்த ஒரு அரபிக் கிழவர் சொன்னார், மேற்கே மிசிர் நாட்டுல வருஷா வருஷம் வெள்ளம் வந்து வயலை நனைக்கற ஆறு அந்த வருஷம் ஏறவே இல்லையாம். பஞ்சம், கூடவே கொள்ளைநோய். ரூம் தேசத்துப் பெரிய பட்டணத்துல புதைக்க இடம் இல்லாம கோயிலுக்கு உள்ளயே புதைச்சாங்களாம். அதே பட்டணத்துல, அதே ஆடி மாசம், ரெண்டு பெரிய குருமாருக்குள்ள சண்டை. ஒருத்தரோட ஆளுங்க வந்து இன்னொருத்தர் கோயில் பீடத்து மேல சாப ஓலையை வெச்சுட்டு, கால் தூசியைத் தட்டிட்டுப் போயிட்டாங்களாம். அதுலேர்ந்து ரெண்டு கூட்டமும் பேசிக்கறதில்லையாம். வடக்கே எங்கயோ பனி நாட்டுல ஒரு பெரிய ராஜா செத்து, ராஜ்யத்தைப் பிள்ளைங்க பங்கு போட்டுக்கிட்டாங்களாம். இதெல்லாம் ஒரே வருஷம் செட்டியாரே. ஒரே வருஷம்.

ஏன் கேக்கறேன்னு பார்க்கறீங்க. பயந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லைன்னு கேக்கறதுல ஒரு ஆறுதல். அவங்க அவங்க ஊர்ல அவங்க அவங்களுக்காகத்தான் அது வந்துச்சுன்னு நினைச்சிருக்காங்க பாருங்க. எங்க ஊர்ல அது எனக்காக வந்துச்சுன்னு சொன்னாங்க.

எங்க ஊரு புன்கங்குடி. அரிசிலாத்தங்கரை. என் வீட்டுக்காரர் வேளைக்காரப் படையில இருந்தார். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன், அந்த சத்தியத்துலதான் எல்லாமே இருக்கு. 'ராஜாவுக்கு ஒரு வேளை வந்தா அந்த வேளையில என் உயிர் போகும், அவர் விழுந்தா அவரோட நானும் விழுவேன்'னு நெருப்புக்கு முன்னால சொல்லணும். சொன்னவனுக்கு மரியாதை. ஊர்ல முதல் வெற்றிலை அவனுக்கு. அவர் சொன்ன அன்னிக்கு எனக்குப் பதினேழு வயசு. பட்டுக் கட்டிக்கிட்டு, பெருமையா நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். சொல்றதுதானே, நடக்கவா போகுதுன்னு.

நடந்துச்சு. ஆனி மாசம் சேதி வந்தது. ராஜா யானை மேல அம்பு பட்டுச் சாய்ஞ்சார், படை சிதறிச்சு, தம்பி அங்கயே முடி சூட்டிக்கிட்டுச் சண்டையை ஜெயிச்சார். ராஜாவோட வேளைக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம உயிரை விட்டாங்க. இதுதான் சேதி. ஊரே அழுதுச்சு, ஊரே பெருமைப்பட்டுச்சு. என் தாலியைக் கழட்டினாங்க. வளையலை உடைச்சாங்க. எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. வீட்டுல நானும் ஒரு பசுவும்தான். அடுத்த வீட்டுல மூத்தார், அவரோட அண்ணன். காரின்னு பேர். கல்லு மாதிரி ஆளு. சிரிச்சு நான் பார்த்ததில்ல. தம்பி செத்த சேதிக்குக் கூட நெஞ்சுல அடிச்சுக்கல. 'அவனுக்கு ஒரு வீரக்கல்லு நடணும், நல்ல கல்தச்சனாப் பாக்கணும்'னு மட்டும் சொன்னார். அந்தாளை எனக்கு அப்பவே பிடிக்காது.

ஆடி ஒன்பதாம் நாள். சாணி அள்ளிட்டு நிமிர்றேன். சூரியன் பனை உயரம் வந்தாச்சு. சூரியனுக்கு மேல, கொஞ்சம் தள்ளி, வெள்ளையா ஒண்ணு. ஊசி குத்தின ஓட்டை வழியா வெளிச்சம் வர்ற மாதிரி. கண்ணைக் கசக்கிட்டுப் பார்த்தேன். போகல. தெருவுல யாரோ அலறினாங்க. அப்பறம் எல்லாரும் அலறினாங்க. கோயில்ல நாள் பார்க்கற கணியர் வந்து பார்த்துட்டு, 'வெள்ளி இல்ல, எந்தக் கோளும் இல்ல, இப்படி ஒண்ணு என் ஓலையில கிடையாது'ன்னார். சொல்லிட்டு ஓலைக்கட்டை அங்கயே போட்டுட்டு வீட்டுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டார். தெரிஞ்சவரே ஓடினா?

அன்னிலேர்ந்து வெயில் ஏறினா ஊர்ல ஒரு ஆள் வெளிய வர மாட்டான். கதவைச் சாத்திக்குவாங்க. அதோட வெளிச்சம் மேல பட்டா ஆகாதுன்னு ஒரு பேச்சு. வயல்ல ஆள் கிடையாது, ஆத்துல ஆள் கிடையாது. செத்துப் போன ராஜா வானத்துலேர்ந்து ஒத்தைக் கண்ணால பார்க்கறார்னாங்க. தன் ஆளுங்க எல்லாம் வந்து சேர்ந்தாங்களான்னு எண்ணிப் பார்க்கறாராம்.

நாலாம் நாள் உச்சிப் பொழுது. தெரு வெறிச்சுன்னு கிடக்கு. கொல்லைப்படல் சத்தம் கேட்டுது. நாய்னு நினைச்சேன்.

"ஐயாறி."

குரல் தெரிஞ்சுது. முகம் தெரியல. பேய்க்குக் கால் தரையில படாதும்பாங்களே, குனிஞ்சு காலைத்தான் பார்த்தேன். துணி சுத்தின காலு. துணி முழுக்க ரத்தம் காய்ஞ்சு கறுப்பா இருந்துச்சு. தரையில நல்லா ஊணி நின்னுது.

"தண்ணி குடு."

குடுத்தேன். குடிச்சுட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

"எங்க?" அப்படின்னார்.

"நீங்க செத்துட்டீங்க" அப்படின்னேன்.

சொம்பைத் திருப்பிக் குடுத்தார். "ஆமா" அப்படின்னார்.

சந்தோஷம் வரல செட்டியாரே. பொய் சொல்ல மாட்டேன். புருஷன் உயிரோட வந்து நிக்கறார், எனக்கு முதல்ல வந்தது பயம். யாராவது பார்த்திருப்பாங்களோ? வேளைக்காரன் ராஜாவுக்கு அப்பறம் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா என்ன செய்வாங்க தெரியுமா? அவங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அவன் கையில கத்தியைக் குடுத்துட்டு, சுத்தி நின்னு பார்ப்பாங்க.

மாட்டுக்கொட்டில்ல ஒரு பரண். வைக்கோல் போட்டு வைக்கற இடம். அங்க ஏத்தினேன். ஏத்திட்டு ஏணியை எடுத்துப் போர்மேட்டுல சாய்ச்சு வெச்சுடுவேன். ஏணி இருந்தா யாராவது ஏறுவாங்கல்ல. காலையில ஒரு சட்டி கூழ், சாயங்காலம் ஒரு சட்டி. உச்சிப் பொழுதுல ஊர் கதவைச் சாத்தினதும் இறங்கி வந்து கிணத்தடியில குளிப்பார். ஊரே அந்த நட்சத்திரத்துக்குப் பயந்து உள்ள கிடக்க, அதுக்குக் கீழ நிம்மதியா நின்னது நாங்க ரெண்டு பேர்தான். நிம்மதின்னா என்ன நிம்மதி? ஒரு தும்மல் போதும். ஒரு இருமல் போதும். அந்தப் பசு இருக்கே, அவர் கன்னுலேர்ந்து வளர்த்தது, அது நிமிஷத்துக்கொரு தடவை தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்துக் கத்தும். நான் அதோட வாயைப் பிடிப்பேன். 'சும்மா இருடி, சும்மா இருடி'ன்னு கெஞ்சுவேன். அது மேல பார்த்து வாலை ஆட்டும். தெருவுல போறவன் ஒரு தடவை நின்னு கேட்டான், 'என்ன, மாடு இப்படிக் கத்துது?' நான் சொன்னேன், 'எஜமானைத் தேடுது.' அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போனான்.

ஒரு நாள் கிணத்தடியில கேட்டேன், என்ன நடந்துச்சுன்னு. நாலு வார்த்தையில சொன்னார்.

"யானை மேல அவர் சாய்ஞ்சதைப் பார்த்தேன். என் பக்கத்துல நின்னவன் எல்லாம் கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டான். நானும் எடுத்தேன். கை வரல ஐயாறி. கால்தான் வந்துச்சு."

அப்பறம் நாற்பது நாளைக்கு மேல நடை. கடைசி நாலு நாள் பட்டப்பகல்லயே நடந்தாராம். வழியில எந்த ஊர்லயும் ஆள் வெளிய இல்ல. "அது என்னைத்தான் பார்த்துக்கிட்டே வந்துச்சு" அப்படின்னார். மேல கை காட்டல. கண்ணை மட்டும் மூடிக்கிட்டார்.

கோழைன்னு நினைக்கறீங்களா? நினைக்காதீங்க. அவர் கோழை இல்ல. கை வரலைன்னா வரலதான். உங்களுக்கு வருமா?

ஆடிப் பதினெட்டு வந்தது. புதுத் தண்ணி ஆத்துல கரை தொட்டுப் போகுது, கும்பிட ஒரு பொம்பளை போகல. அன்னிக்குத்தான் பக்கத்து ஊர் பூதி நெருப்புல இறங்கினா. அவ புருஷனும் வேளைக்காரன்தான், இவரோட ஒரே அணி. புருஷனோட பழைய வாளை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இறங்கினாளாம். அவளா இறங்கினாளோ, இறக்கினாங்களோ. புகை எங்க ஊர் வரைக்கும் தெரிஞ்சுது. மறுநாள் எவனோ ஒருத்தன் மேல பார்த்துட்டு, 'கொஞ்சம் மங்கியிருக்கில்ல?'ன்னான். அவ்வளவுதான். அந்த ஒரு வாய் வார்த்தை. சாயங்காலத்துக்குள்ள ஊரே மங்கிடுச்சுன்னு சொல்லுது. நான் பார்த்தேன், ஒரு பொட்டு மங்கல.

ரெண்டு நாள் கழிச்சு என் வாசலுக்கு வந்தாங்க. முன்னால கிழார், எங்க ஊர்ப் பெரியவர். பின்னால ஏழெட்டுப் பேர். கடைசியில மூத்தார். கிழார் அதட்டியிருந்தா நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பெத்த மககிட்டப் பேசற மாதிரி பேசினார். அதுதான் குலையை நடுங்க வெச்சுது.

"அம்மா ஐயாறி, உனக்குத் தெரியாதது இல்ல. ராஜா கூப்பிடறார். அவர் ஆளுங்க போயிட்டாங்க. அவங்க வீட்டுல விளக்கு மட்டும் இங்க எரியுது. பூதி போனா, பாதி மங்கிச்சு. நீயும் போனா ஊருக்குப் பயம் விடும். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல. நாளன்னிக்கு நல்ல நாள்."

கட்டாயப்படுத்தலையாம். நாள் மட்டும் குறிச்சாச்சு.

நான் மூத்தாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. தம்பி பொண்டாட்டிக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

அவங்க போனதும் கொட்டிலுக்கு ஓடினேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நான் என்ன செய்யட்டும்?"

வைக்கோல் சரசரன்னுது. ரொம்ப நேரம் கழிச்சு, "நான் இறங்கி வந்து சொல்லிடறேன்" அப்படின்னார்.

வேண்டாம்னு நான்தான் சொன்னேன். நல்லா கேட்டுக்கோங்க செட்டியாரே, அவர் வர்றேன்னுதான் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். வந்தா உங்க கையில கத்தியைக் குடுப்பாங்க, நான் வேற வழி பார்க்கறேன்னேன். என்ன வழி? ஒரு வழியும் தெரியாது. சரின்னார். உடனே சரின்னுட்டார். களைச்சுப் போயிருந்தார் பாவம்.

மறுநாள் உச்சிப் பொழுதுல மூத்தார் வந்தார். ஊரே உள்ள கிடக்கற நேரம், அந்தாளுக்கு மட்டும் என்ன வேலை? மாட்டுக்கு ஒரு கயிறு வேணும்னார். நேரா கொட்டிலுக்குள்ள போயிட்டார். நான் பின்னாலயே ஓடினேன். பசு மேல பார்த்துக் கத்துது. மூத்தாரும் மேல பார்த்தார். பார்த்துக்கிட்டே, தனக்குத்தானே பேசிக்கற மாதிரி, ஆனா நல்ல உரக்க: "செத்தவன் செத்தவனாவே இருந்தாத்தான் இருக்கறவங்க இருக்க முடியும். விடியறதுக்குள்ள ஆத்தைத் தாண்டினா நாலாம் நாள் நாகப்பட்டினம். கடல் தாண்டிட்டா யாருக்கும் யாரையும் தெரியாது. பின்னாடி வர வேண்டியவங்க வருவாங்க."

வேலையத்த பேச்சு. வயசானா சில பேர் இப்படித்தான் எங்கயோ பார்த்துப் புலம்புவாங்க. தோள்ல கிடந்த துணியையும் ஒரு அவல் மூட்டையையும் வைக்கோல் மேல மறந்து வெச்சுட்டு, கேட்ட கயித்தைக் கூட எடுக்காம போயிட்டார். அந்தத் துணியை அப்பறம் தேடினேன், காணோம். அவலையும் காணோம். யாரோ அடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

அந்த நாள் வந்துச்சு. விடிஞ்சதும் கூழ் கரைச்சு எடுத்துக்கிட்டு ஏணி போட்டேன். ஏறினேன், ஆனா தலையை உசத்தி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரல. பார்த்தா அழுதுடுவேன், அழுதா ஊருக்குக் கேக்கும். சட்டியை மட்டும் வைக்கோல் மேல தள்ளிட்டு, "சாப்பிடுங்க"ன்னுட்டு இறங்கிட்டேன். ஏணியையும் எடுத்துட்டேன். பழக்கம்.

பொம்பளைங்க வந்தாங்க. குளிப்பாட்டினாங்க. மஞ்சள் பூசினாங்க. கழட்டின தாலியைத் திரும்பக் கட்டிப் பூ வெச்சாங்க. எனக்கு முகூர்த்த நாள் ஞாபகம் வந்துச்சு, அதே பொம்பளைங்க, அதே மஞ்சள். அவர் பழைய வாளைக் கையில குடுத்தாங்க. கனமா இருந்துச்சு. பறை முழங்குது. ஏரிக்கரையில குழி வெட்டி, புளியங்கட்டை அடுக்கி, அது நல்லா பிடிச்சு எரியுது. இருபது அடி தள்ளி நிக்கறப்பவே முகம் காந்துது. மேல சூரியன், சூரியனுக்குக் கொஞ்சம் தள்ளி அந்த நட்சத்திரம். வெள்ளையா. சாந்தமா. ஒண்ணுமே தெரியாத மாதிரி.

பத்து அடி. புடவை ஓரம் சுட்டுது. புருவத்து மயிர் கருகற நாத்தம் எனக்கே வந்துச்சு.

நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். உடம்பு கேக்கல செட்டியாரே. அவருக்குக் கை வரலை இல்லையா, எனக்கு வாய் நிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என் வாயில வராத பேரு.

"வீரட்டன் உயிரோட இருக்கார்! வீரட்டன் என் கொட்டில்ல இருக்கார்! பரண்ல இருக்கார்! போய்ப் பாருங்க!"

பறை நின்னுச்சு. நெருப்பு எரியற சத்தம் மட்டும். புருஷன் பேரைச் சொல்லிட்டாளேன்னு ஒரு கிழவி வாயைப் பொத்திக்கிட்டா. அப்பறம் கூட்டம் ஓடுச்சு. கிழார் ஓடினார். என்னை ரெண்டு பேர் இழுத்துக்கிட்டு ஓடினாங்க. காட்டிக் குடுத்துட்டேன், காட்டிக் குடுத்துட்டேன்னு என் காதுக்குள்ள யாரோ சொல்லிக்கிட்டே வர்றாங்க.

ஏணி எங்கன்னு தேடறாங்க. "நான் பார்க்கறேன், யாரும் வராதீங்க"ன்னு மூத்தார் கத்திக்கிட்டு முதல் ஆளா ஏறினார். அந்தாளுக்குத்தான் எவ்வளவு அவசரம், சொந்தத் தம்பியைப் பிடிக்க! ஏறி நின்னு, வைக்கோலைக் காலால கிளறினார். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

ஒரு சத்தமும் வரல.

கண்ணைத் திறந்தா, மூத்தார் கையில கூழ்ச்சட்டி. நான் வெச்ச சட்டி. விளிம்பு வரைக்கும் அப்படியே இருக்கு. ஆறி, மேல ஆடை கட்டிப் போயிருக்கு. அவருக்குப் பின்னால கூரை பிரிஞ்சு, வானம் ஒரு கையகலம் தெரிஞ்சுது. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது, மூத்தார் அதை மறைச்ச மாதிரி நின்னுட்டார். பரண் குறுகல், வேற எப்படி நிக்க முடியும்?

"ஐயா, பாருங்க" அப்படின்னார். "ஆள் இல்லாத பரணுக்குக் கூழ் வெச்சிருக்கா. செத்தவனுக்குத் தினம் கூழ் வெச்சிருக்கா. ஒரு வாய் தொடல பாருங்க. இவளுக்குச் சித்தம் கலங்கிடுச்சு."

சட்டியைச் சாய்ச்சுக் காட்டினார். கூழ் பசு மேல விழுந்துச்சு. அந்தக் கல்லு மனுஷன் அப்பத்தான் அழுதார். தம்பி செத்த சேதிக்கு அழாத ஆளு, என்னைப் பைத்தியம்னு சொல்லிட்டு அழுதார்.

கிழார் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சித்தம் கலங்கினவளை இறக்கினா ஊருக்குப் பாவம்" அப்படின்னார். தாலியை மறுபடியும் கழட்டினாங்க. குழியில தண்ணி ஊத்தி அணைச்சாங்க. அந்த நட்சத்திரம் அப்பறம் ஒன்பது நாள் பகல்ல நின்னுது, தன்னால மங்கி, தன்னால போச்சு. நான் இறங்காமலேயே போச்சு. யாரும் அதைப் பத்திப் பேசல.

கூழை ஏன் குடிக்கலைன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, நானே கேட்டுக்கறேன். பசிச்சிருக்காது. எனக்கு அப்படி ஒரு நாள் வந்திருக்கே, அவருக்குத் தொண்டையில இறங்குமா? நான் ஏரிக்கரையில கத்தினது கேட்டு, கூரையைப் பிரிச்சுத் தப்பிச்சிருப்பார். கூழ் ஆடை கட்டறதுக்கு ஒண்ணும் ரொம்ப நேரம் வேண்டாம். ஆடிக் காத்துக்குச் சீக்கிரம் கட்டிடும்.

ஆவணியில கல் நட்டாங்க. நல்ல வேலைப்பாடு. யானை, குதிரை, கழுத்துல கத்தி வெச்சுக்கிட்டு அவர். பைத்தியம்னு என்னை ஒரு ஓரமா உட்கார வெச்சிருந்தாங்க. கல் நட்ட மறுநாள் காலையில மூத்தார் வண்டி கட்டிட்டு வந்து, "கிளம்பு"ன்னார். எங்கன்னு கேட்டேன். முன்னால உட்கார்ந்திருந்த வண்டிக்காரனைக் கண்ணால காட்டிட்டு, பேசாம இருன்னார். வழியெல்லாம் மாட்டை அடிச்சு விரட்டச் சொல்லிக்கிட்டே வந்தார். ஒரு பைத்தியத்தைக் கொண்டு போய்த் தள்ளிட்டு வர அவ்வளவு வேகம்.

இதே நாகப்பட்டினம்தான். என்னை வண்டியிலயே விட்டுட்டுக் கரைக்கு ஓடினார். ஒரு படகுக்காரன் தோளைப் பிடிச்சு உலுக்கிப் பேசறதைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்துக் கை காட்டினான். மூத்தார் அங்கயே மணல்ல உட்கார்ந்துட்டார். ரொம்ப நேரம் கழிச்சுத் தள்ளாடித் தள்ளாடி வந்தார். "காத்து முந்திடுச்சாம். நேத்தே போயிடுச்சாம்" அப்படின்னார். என்ன போச்சுன்னு கேட்டேன். வண்டிக்காரனைப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லைன்னார். நெல்லு ஏத்தி அனுப்ப நினைச்சிருப்பார், கப்பல் தவறிப் போச்சு போல. அதுக்குத்தான் அவ்வளவு துக்கம். இந்தச் சத்திரத்துல என்னைச் சேர்த்துட்டு, "கடல் பக்கமே இரு, கப்பல் வர்ற இடம்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

வருஷா வருஷம் ஆனி மாசம் ஒரு மூட்டை அரிசியோட வருவார். வாசல்ல நின்னு, "ஏதாவது சேதி வந்துச்சா?"ன்னு கேப்பார். எனக்கு என்ன சேதி வரும்? முகத்தைத் திருப்பிக்குவேன். பதினாறு வருஷம் வந்தார். கடைசியா வந்தப்ப நடக்கவே முடியல, கோலை ஊணிக்கிட்டு வந்தார். "ஐயாறி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். கொஞ்சம் உட்காரு" அப்படின்னார். நான் எழுந்து உள்ள வந்துட்டேன். இந்த அடுப்படிக்குத்தான். பைத்தியம்னு பட்டம் கட்டினவர் சொல்ல இனிமே என்ன இருக்கு? வெளிய ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துட்டுப் போனார். அந்த மாசியில செத்துட்டார்.

என் வீட்டுக்காரர் வருவார். வந்து கரையில இறங்குவார்னு தினம் நினைக்கறேன். தினம் பயப்படறேன். வந்தா கால் கழுவத் தண்ணி குடுப்பேன், படுக்கப் பாய் போடுவேன். எப்ப கிளம்பினீங்க, நான் கத்தினதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு மட்டும் கேக்க மாட்டேன். முன்னாடின்னா என்னை விட்டுட்டுப் போயிருக்கார். பின்னாடின்னா நான் காட்டிக் குடுத்ததைக் கேட்டுட்டுப் போயிருக்கார். எதைக் கேட்டாலும் நான் தாங்க மாட்டேன்.

என்ன செட்டியாரே, ஏன் அப்படிப் பார்க்கறீங்க? கண்ணு கலங்குது. புகையா? புகை இல்ல. நீங்க என்னமோ சொல்ல வாயெடுக்கறீங்க. மூத்தாரைப் பத்தியா? சொல்லாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன், சொல்லாதீங்க. இருபது வருஷமா அந்தாளை வைஞ்சுதான் நான் உயிரோட இருக்கேன்.